ஏழாம் நம்பர் மிஷின்

கம்ப்யூட்டர் திரையில் கழித்தல் குறி போட்டு முப்பத்தாறு என்று வந்து நின்றது. பெயரைக் கேட்டால் கழித்தல் முப்பத்தாறாம். தையல்நாயகி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். துடைத்தால் மாறிவிடுமா, அதே கழித்தல், அதே முப்பத்தாறு. முதலில் ஒன்றுமே வராமல் திரையின் அடியில் ஒரு வரி வந்து திட்டியது, ஸ்ட்ரிங்கைத் திறந்துவிட்டு மூடாமல் விட்டிருக்கிறாய் என்று. முடிவில் போடவேண்டிய மேற்கோள் குறியை மறந்திருந்தாள். போட்டாள், திட்டு நின்றது. அப்பாடா என்று நிமிர்வதற்குள் இந்த முப்பத்தாறு. நாற்பத்தைந்து வயசில் ஒருத்திக்கு வந்து வாய்க்கிற எதிரியைப் பாருங்கள். ப்ளஸ் டூவோடு படிப்பை மூட்டை கட்டி வைத்தவள், புருஷன் கலியபெருமாள் செத்த இடத்தில் கருணை அடிப்படையில் வேலைக்கு வந்தவள், பாலிடெக்னிக் கம்ப்யூட்டர் லேபில் அசிஸ்டென்ட். மின்விசிறி போடுவது, மிஷின் தூசி தட்டுவது, ஸ்டாக் ரிஜிஸ்டர் எழுதுவது என்று இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்தாள். துறைத் தலைவர் அற்புதராஜ் சார் விடவில்லை. பசங்க சந்தேகம் கேட்டா முழிச்சிக்கிட்டு நிக்கக் கூடாதும்மா, முதல் மூணு எக்ஸ்பெரிமென்ட்டாவது உங்க கையால ஓடணும், அப்பத்தான் புரொபேஷன் முடிஞ்சதுன்னு கையெழுத்துப் போடுவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். இரண்டு ஓடிவிட்டன. மூன்றாவது புரோகிராம், பெயரை வாங்கிக்கொண்டு அதே பெயரைத் திருப்பி அச்சிட வேண்டும், அவ்வளவுதான். நாலு மணிக்குப் பார்க்க வருகிறேன் என்று காலையில் சொன்னவர், படியிறங்கப் போனவர், நின்று திரும்பி, கலியபெருமாள் விஷயமா ஒண்ணு உங்ககிட்ட பேசணும் என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது மணி இரண்டே முக்கால்.

கலியபெருமாள் விஷயமாக என்ன இருக்கிறது. செத்து நாலு வருஷம் ஆகிவிட்டது, எலும்பைக் காவிரியில் கரைத்தாயிற்று, வாரிசுச் சான்றிதழ் வாங்கியாயிற்று, மாமியார் ஆட்சேபணை இல்லை என்று விரல் ரேகை வைத்துக் கொடுத்தாயிற்று, இன்னும் என்ன பேச இருக்கிறது. கைப்பை மேஜையின் கீழ் கால் பக்கத்தில் இருந்தது. அவள் பார்க்கவில்லை, ஆனால் இருப்பது தெரிந்தது. அதன் உள் ஜிப்பில், ரேஷன் கார்டு ஜெராக்ஸ் வைத்திருக்கிற பிளாஸ்டிக் உறைக்குள், நாலாக மடித்த ஒரு தாள். இல்லை, அதை இப்போது நினைக்கக் கூடாது, இப்போது முப்பத்தாறு. பெயருக்கு எப்படி எண் வரும். போன எக்ஸ்பெரிமென்ட் வயதை அச்சிடுவது, அது எண், அதற்குப் பர்சன்டேஜ் குறி போட்டு டி. அதே கைப்பழக்கத்தில் இங்கேயும் டி போட்டிருக்கிறாள், அடி தையலு, பெயருக்கு எஸ் அல்லவா. டியை அழித்தாள், எஸ் போட்டாள். ஏழாம் நம்பர் மிஷினில்தான் எப்போதும் உட்காருவாள். அதன் ஸ்பேஸ் பாரை நடுவில் அழுத்தினால் சும்மா கிடக்கும், இடது ஓரத்தில் அழுத்தினால்தான் கேட்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அது அவளுக்குத் தெரியும். அதற்கு மூன்று வருஷம் முன்னாலேயே, பெரியாஸ்பத்திரி வார்டில், வாயெல்லாம் உலர்ந்து கிடந்த மனுஷன் பிதற்றினார், ஏழாம் நம்பருக்கு ஸ்பேஸ் பார் இடது பக்கம்தான் அழுந்தும், இடது பக்கம், என்று. ஜுரத்தில் டெய்லர் துணி வெட்டுவதைப் பேசுவான், டிரைவர் கியர் போடுவான், இவர் மிஷினைப் பேசுகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். மூன்று வருஷம் கழித்து வந்து பார்த்தால் அதே மிஷின், அதே கோளாறு. மனுஷன் போனாலும் அரசாங்கத்துச் சாமான் போகாது.

அந்தத் தாள் லேப் ரெக்கார்ட் நோட்டிலிருந்து கிழித்தது, ஒரு பக்கம் கோடு, ஒரு பக்கம் வெள்ளை. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, ஒரு திங்கட்கிழமை, தலையணையை முதுகுக்குக் கொடுக்கச் சொல்லி அதில் எழுதினார். விருப்ப ஓய்வு கேட்டு, இரண்டு பாரா. எழுதி முடிக்கவே அரை மணி ஆயிற்று. இனிமே என்னால அந்தப் படி ஏற முடியாது தையலு, சம்பளத்தை வாங்கிட்டு வேலை செய்யாம கிடக்கிறது எனக்கு உறுத்துது, இதக் கொண்டுபோய் அற்புதராஜ் சார் கையில குடுத்துடு என்றார். சரிங்க என்று வாங்கிக்கொண்டாள். கொடுத்துவிட்டுத்தான் வந்திருப்பாள், சத்தியமாக. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனாள். ஆனால் அதற்கு முந்தின நாள் ஆபீஸ் சூப்பிரண்டு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்தவர், வராந்தாவில் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, தப்பா எடுத்துக்காதீங்க, அவரு ஏதாவது எழுதிக் குடுக்கிறேன்னு சொன்னா அவசரப்பட்டுக் கொண்டாந்துடாதீங்க, சர்வீஸ்ல இருக்கும்போதே ஒண்ணு ஆச்சுன்னா பின்னால உங்களுக்கு ஒரு வழி பிறக்கும், எழுதிக் குடுத்துட்டா சிக்கல், என்றார். நல்ல மனுஷன்தான். நல்லதற்குத்தான் சொன்னார். அவளும் சீ என்று சொல்லவில்லை, அதுதான். கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு தலையை ஆட்டினாள். தலையாட்டினது அவள் தலைதானே. திங்கட்கிழமை பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் வந்தது, கதவு திறந்தது, கண்டக்டர் ஏறும்மா என்றார், ஏறவில்லை. இலக்கியா அப்போது எட்டாவது படிக்கிறாள், பெண்ணை நினைத்துத்தான் ஏறவில்லை என்று இத்தனை நாளும் தனக்குத்தானே சொல்லிப் பார்க்கிறாள். பெண்ணை நினைத்தது இரண்டாவதாகத்தான். முதலில் நினைத்தது என்னவென்று அவளுக்குத் தெரியும். இன்னும் எத்தனை நாள் இருப்பார் என்று கணக்குப் போட்டாள். கட்டின புருஷனை வைத்து. அந்தக் கணக்கை அவள் யாரிடமும் சொன்னதில்லை, கோயிலில் நின்றபோதுகூட அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத்தான் சொன்னாள்.

பொத்தானை அழுத்தினாள். திரை கறுத்து, பெயர் கேட்டது. பாங்க் பாஸ்புக்கில் இருக்கிற மாதிரியே ஒழுங்காக, கே போட்டு, இடது ஓரத்தில் அழுத்தி ஓர் இடைவெளி விட்டு, தையல்நாயகி என்று இங்கிலீஷில் அடித்தாள். சட்டென்று விடை மாதிரி ஏதோ வந்து மறைந்து, மறுபடி புரோகிராம் எழுதுகிற நீலத் திரையே வந்துவிட்டது. அதற்கும் ஒரு வழி உண்டு, ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு எஃப் அஞ்சு. வந்துட்டு ஓடிடும், பயப்படாத, பின்னாடிதான் நிக்கும், ஆல்ட்டைப் பிடிச்சுக்க, எஃப் அஞ்சு, என்று இதையும் அவர்தான் பிதற்றினார். யார் ஓடிவிட்டார்கள், யார் பின்னால் நிற்கிறார்கள் என்று அப்போது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. எமன் கிமன் என்று நினைத்து நெற்றியில் விபூதி பூசினாள். இப்போது பிடித்து அழுத்தினாள். பின்னாலிருந்து திரை வந்தது. கே. அவ்வளவுதான். ஒற்றை கே. அவள் பெயரைக் காணோம். மறுபடி ஓட்டினாள், மறுபடி அடித்தாள், எழுத்து எழுத்தாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு அடித்தாள். கே. கலியபெருமாள் மட்டும் வந்து நிற்கிறார், தையல்நாயகியைக் காணோம். இது என்ன கூத்து. கல்யாணத்துக்கு முன்னால் அவள் எம். தையல்நாயகி, அப்பா மாசிலாமணி. தாலி ஏறின மறு மாதமே ரேஷன் கார்டில் எம் போய் கே வந்தது. எழுதினவன் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை. அப்போது புதுசாக ஒரு புடவை கட்டின மாதிரி இருந்தது. அவர் போன பிறகு அலுவலகத்தில் பெயர் என்ன என்று கேட்டபோது கே. தையல்நாயகி என்று சொல்லும்போது அந்த கேயோடு ஒரு கணம் நிறுத்தித்தான் மீதியைச் சொன்னாள், இன்றைக்கும் சில நாள் அப்படித்தான். வேலையும் அவருடையது, நாற்காலியும் அவருடையது, சாவிக்கொத்தில் அவர் கட்டின சிவப்பு நாடாகூட அப்படியே இருக்கிறது. இந்த மிஷினுக்குத் தெரிந்துவிட்டதா என்ன, இங்கே உட்கார வேண்டியவர் யார் என்று. அசட்டுத்தனம்தான். மிஷினுக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் அந்த ஒற்றை எழுத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மணி மூன்றே கால். சாரிடம் சூப்பிரண்டு சொல்லியிருப்பாரோ. லெட்டர் என்று ஒன்று இருந்தது, அந்த அம்மா அமுக்கிவிட்டது என்று. நான்கு வருஷம் கழித்து எதற்குச் சொல்லப் போகிறார். சூப்பிரண்டுக்கே லெட்டர் எழுதினது தெரியாதே. ஒருவேளை தெரியுமோ. ஏமாற்றி வாங்கின வேலை, இனி கிடையாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது, இலக்கியா இப்போது ப்ளஸ் டூ. வேலை போனால்கூடப் போகட்டும், இலக்கியாவுக்குத் தெரிந்தால். அப்பா கேட்டதை அம்மா செய்யவில்லை, அப்பாவிடம் பொய் சொன்னாள் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தால்.

பொய்தான் சொன்னாள். ஒன்றல்ல, மூன்று. திங்கள் ராத்திரி கேட்டார், கடுதாசி குடுத்தியா தையலு. குடுத்தாச்சுங்க. செவ்வாய் காலையில் கேட்டார், சார் என்ன சொன்னாரு. பாத்துக்கிறேன்னாருங்க. புதன் சாயங்காலம் கேட்டார், ஆர்டர் எப்ப வருமாம். வரும்ங்க, தூங்குங்க. பொய் வழுக்கிக்கொண்டு வந்தது, அதுதான் அவளுக்கே திகிலாக இருந்தது. கல்யாணமான பத்தொன்பது வருஷத்தில் புடவை விலையைக் குறைத்துச் சொன்னதைத் தவிர அவரிடம் பொய் சொல்லிப் பழக்கமே இல்லை. வியாழக்கிழமை மத்தியானம் கஞ்சி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது பக்கத்துப் படுக்கைக்காரரின் போன் இவர் நெஞ்சின் மேல் கிடந்தது, பாட்டு கேட்டாராக்கும் என்று எடுத்துக் கொடுத்தாள். அன்றைக்கு அவர் கடிதத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அப்புறம் கேட்கவே இல்லை. மறந்துவிட்டது, சிறுநீரகம் கழிக்காத விஷம் தலைக்கு ஏறிவிட்டது, இனி நினைவு தப்பும் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். கேட்காமல் விட்டாரே என்று அவளுக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. சாமி, எப்பேர்ப்பட்ட நிம்மதி. அன்று சாயங்காலமே பிதற்றல் ஆரம்பித்தது. கஞ்சி இரண்டு வாய் குடித்தார், மேலே பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். எல்லா ஸ்விட்சையும் ஒண்ணா போடக் கூடாது, ஸ்டெபிலைசர் விழுந்துடும், ஜன்னல் வரிசையிலேர்ந்து ஆரம்பி. பீரோ சாவியைத் தூக்கித் திருப்பணும். அணைக்கும்போது ஏழாம் நம்பரைக் கடைசியா அணை, அதுலதான் எல்லாம் இருக்கு. மூச்சு வாங்கும், நிறுத்துவார், மறுபடி. வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். அவள் வாயைத் துடைத்துவிட்டு, சரிங்க, சரிங்க, தூங்குங்க என்றாள். குழந்தைக்குச் சொல்கிற மாதிரி. இன்னொன்று, இன்னொன்றுகூட சொன்னாரே. பசங்க பேர் அடிக்கும்போது இனிஷியல் போட்டு இடைவெளி விடுவாங்க, அதான் மொத்தத் தொல்லை, இடைவெளியைக் கண்டா அது அங்கயே நின்னுடும், ஒட்டி அடிக்கச் சொல்லு. தையல்நாயகியின் விரல்கள் விசைப்பலகை மேல் அப்படியே நின்றன. இடைவெளியைக் கண்டால் நின்றுவிடும். கே என்ற எழுத்துக்கு அப்புறம் இடைவெளி. மெல்ல, ஒவ்வொரு எழுத்தாக, கேயையும் தன் பெயரையும் ஒட்டி அடித்தாள். ஆல்ட், எஃப் அஞ்சு. முழுசாக வந்தது. கேதையல்நாயகி, ஒரே மூச்சில், நடுவில் ஒரு மயிரிழை இடமில்லாமல். சந்தோஷப்பட வேண்டிய நேரம். அவளுக்கு அழுகைதான் வந்தது. செத்தவர் சொல்லிக் கொடுத்து ஓடுகிறது, அவரையே ஏமாற்றி வாங்கின வேலையில்.

மூன்றரைக்கு அவள் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். உள் ஜிப்பைத் திறந்தாள். கிழித்துப் போட்டால் என்ன. நாலு வருஷமாக நூறு தடவை கேட்டுவிட்ட கேள்வி. அடுப்பில் போடலாம், ஆற்றில் விடலாம், ஒன்றும் செய்யாமல் இந்த லேபுக்கே தினமும் தூக்கிக்கொண்டு வருகிறாள். கொடுக்கச் சொன்ன இடத்துக்குத்தான் வருகிறது, கொடுக்கப்படாமல் திரும்புகிறது. இன்றைக்குச் சார் கேட்டால் எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். ஆமாம் சார், நான்தான் சார், என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் நெஞ்சு கொஞ்சம் லேசாகும். சொல்லிவிட்டு எங்கே போய் நிற்பது. பசங்க எல்லாம் ஆண்டு விழா ஒத்திகைக்குப் போயிருந்தார்கள், மைதானத்திலிருந்து மைக் சோதிக்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது, ஒன் டூ த்ரீ, ஒன் டூ த்ரீ, அதற்கு மேல் எண்ணத் தெரியாத மாதிரி. படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஜிப்பை மூடினாள்.

அற்புதராஜ் சார் நின்றபடியே ஓட்டிக் காட்டச் சொன்னார். ஓடியது. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். ஏன் ஒட்டி அடித்தீர்கள் என்று கேட்டார். இடைவெளி விட்டால் இனிஷியலோடு நின்றுவிடுகிறது என்றாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. பசங்க இதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் எடுத்துக்கொள்வார்கள், இதற்கு வேறு வழியும் இருக்கிறது, அதை அடுத்த வாரம் சொல்கிறேன், முதலில் இதை யார் சொல்லிக் கொடுத்தது என்றார்.

"அவங்கதான் சார். ஆஸ்பத்திரியில நினைவு தப்பிக் கிடந்தப்ப இதெல்லாம் பிதற்றிக்கிட்டே இருந்தாங்க."

சார் பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இந்த மாசக் கடைசியோடு தான் ரிட்டயர் ஆகப் போவதைச் சொன்னார். போவதற்கு முன்னால் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தாராம், இத்தனை நாள் சந்தர்ப்பம் வரவில்லையாம்.

"பிதற்றலாம்மா அது? அவரு எனக்குப் போன் பண்ணினாரு, பக்கத்து பெட்காரர் போன்லேர்ந்து. தையலு ஒரு லெட்டர் கொண்டாந்து குடுத்துச்சா சார்னு கேட்டாரு. ஒண்ணும் வரலையேன்னேன். ரொம்ப நேரம் பேச்சே இல்ல, லைன் கட்டாயிடுச்சோன்னு நினைச்சேன். அப்புறம் சொல்றாரு, சரி சார், அது குடுக்காது, அது செஞ்சதுதான் சரி. பின்னாடி அது இங்க வரும் சார், நான் எல்லாத்தையும் சொல்லி வச்சுடறேன், நீங்க கொஞ்சம் பாத்துக்கங்கன்னாரு. என்ன லெட்டர்னு நானும் கேட்டுக்கல."

"என்னிக்கு சார்?"

"வியாழக்கிழமை. நமக்கு பிராக்டிகல் எக்ஸாம் நடந்துச்சு அன்னிக்கு, அதான் ஞாபகம் இருக்கு."

அவர் நல்ல செய்தி சொன்ன திருப்தியோடு புரொபேஷன் தாளில் கையெழுத்துப் போட்டார், தேதி போட்டார், நல்லா வருவீங்கம்மா என்றார், செருப்புச் சத்தம் படியிறங்கிப் போயிற்று. அவள் எழுந்து நின்றாளா, நன்றி சொன்னாளா என்பது அவளுக்கு ஞாபகம் இல்லை. வியாழக்கிழமை. அப்படியானால் தெரிந்திருக்கிறது. நெஞ்சின் மேல் போன் கிடந்ததே, அவள் கஞ்சித் தூக்கோடு நுழைந்தபோது கண்ணைத் திறந்து பார்த்தாரே, அப்போதே தெரிந்திருக்கிறது. பெண்டாட்டி மூன்று நாளாகப் பொய் சொல்கிறாள், எதற்காகச் சொல்கிறாள், எதற்காகக் காத்திருக்கிறாள் என்பது அத்தனையும் தெரிந்துதான் அந்தக் கஞ்சியை அவள் கையால் இரண்டு வாய் குடித்திருக்கிறார். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். அடிப்பாவி என்று ஒரு தடவை சொல்லியிருந்தால்கூட இந்த நாலு வருஷத்தை அவள் வேறு மாதிரி கடத்தியிருப்பாள். திட்டவில்லை. மூச்சு வாங்க வாங்க, இடது பக்கம் அழுத்தணும், தூக்கித் திருப்பணும், ஜன்னல் வரிசையிலேர்ந்து ஆரம்பி என்று வேலையை ஒவ்வொன்றாக அவளிடம் ஒப்படைத்திருக்கிறார். சார்ஜ் கொடுக்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டாத மனுஷன். அவள்தான் ஜுரம் என்று நெற்றியில் விபூதி பூசினாள். வெள்ளிக்கிழமை ராத்திரி, கடைசியாக, எல்லாம் சொல்லி முடித்த பிறகு அவர் தலையைத் திருப்பி அவளை நேராகப் பார்த்துக் கேட்டார், புரிஞ்சுதா தையலு. அவள் போர்வையை இழுத்துவிட்டு, தூங்குங்க என்றாள். அதைத்தான் பதிலாகக் கொண்டுபோயிருக்கிறார்.

நாலரைக்கு அவள் எழுந்தாள். ஜன்னல் வரிசையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு மிஷினாக அணைத்துக்கொண்டு வந்தாள். மைதானத்தில் மைக் நின்றுவிட்டிருந்தது. கடைசியில் ஏழாம் நம்பர் மட்டும் பாக்கி இருந்தது. அதன் முன்னால் நின்று, யாருமில்லாத லேபில், வகுப்பில் பதில் சொல்கிற பிள்ளை மாதிரி வாய்விட்டு, "புரிஞ்சுதுங்க" என்றாள். குரல் உடைந்துவிட்டது, அதனால் இன்னொரு தடவை சொன்னாள். அப்புறம் ஸ்விட்சை அணைத்தாள்.